ஹேமந்த் கர்கரே: சான்று காட்டிய வழியில் நடந்த பொலிஸ் அதிகாரி

2008 நவம்பர் 26 இரவு மும்பையிலிருந்து நேரடியாக ஒளிபரப்பான காட்சிகளில் ஒன்று இன்னும் பலருக்கு நினைவிருக்கும். சத்ரபதி சிவாஜி புகையிரத நிலையத்தின் வெளியே, மெலிந்த தேகமுடைய ஒருவர் நிற்கிறார். யாரோ நீட்டிய ஹெல்மட்டை வாங்கி மாட்டுகிறார். குண்டு துளைக்காத அங்கியை அணிகிறார். பின்னர் கமராவுக்கு வெளியே நடந்து போய்விடுகிறார். கொஞ்ச நேரத்தில் அவர் இறந்துவிட்டார் என்ற செய்தி வருகிறது. அவர்தான் ஹேமந்த் கர்கரே, மகாராஷ்டிர மாநிலப் பயங்கரவாத எதிர்ப்புப் படையான ஏ.ரி.எஸ்.ஸின் தலைவர்.

நமது சமூகத்தில் கர்கரேயின் பெயர் அடிக்கடி அடிபடும். ஆனால் பேச்சு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்கி அங்கேயே முடியும்: "அவர உண்மையில கொண்டது யாரு?" அவர் எப்படிச் செத்தார் என்று கேட்கும் நம்மில் பலருக்கு, அவர் எப்படி வேலை செய்தார் என்பது தெரியாது. இந்தக் கட்டுரை இரண்டாவது கேள்வியைப் பற்றியது. முதலாவதையும் தவிர்க்கப் போவதில்லை.

எஞ்சினியரிலிருந்து பொலிஸுக்கு

கர்கரே 1954 டிசம்பர் 12ஆம் திகதி ஒரு மராத்தி பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். ஆரம்பப் படிப்பு வார்தாவில், உயர்நிலைப் படிப்பு நாக்பூரில். 1975இல் நாக்பூர் விஸ்வேஸ்வரய்யா பிராந்திய பொறியியல் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்றார். அதன் பின் தேசிய உற்பத்தித்திறன் சபையிலும் ஹிந்துஸ்தான் லீவர் கம்பனியிலும் வேலை பார்த்தார். அந்தக் காலத்தில் அது சாதாரண உத்தியோகமல்ல. அதை விட்டுவிட்டு 1982இல் இந்தியப் பொலிஸ் சேவையில் சேர்ந்தார்.

நக்சல்பாரிகளின் நடமாட்டமுள்ள சந்திரபூர் மாவட்டத்தில் பொலிஸ் அத்தியட்சகராக இருந்தார். காடு நிறைந்த மாவட்டம் அது. அங்கே விழுந்து கிடந்த மரக்கட்டைகளையும் வேர்களையும் பொறுக்கி வந்து, அவற்றில் மறைந்திருந்த உருவங்களைச் செதுக்கி எடுப்பது அவரது பொழுதுபோக்காயிற்று. அப்படி நூற்றுக்கு மேற்பட்ட மரச் சிற்பங்களைச் செய்திருக்கிறார். மும்பையில் போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவில் பணியாற்றினார். பிறகு இந்தியாவின் வெளிநாட்டு உளவு நிறுவனமான 'ரோ'வுக்கு அனுப்பப்பட்டு, ஒஸ்ட்ரியாவில் ஏழு ஆண்டுகள் இருந்தார். திரும்பி வந்து மும்பை பொலிஸின் நிர்வாகப் பிரிவுக்கு இணை ஆணையாளரானார். 2008 ஜனவரியில் ஏ.ரி.எஸ். தலைமைப் பொறுப்பு அவரிடம் வந்தது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மும்பை பொலிஸில் அந்த நாட்களில் பெயர் பெற்றவர்கள் 'என்கவுண்டர்' அதிகாரிகள். எத்தனை பேரைச் சுட்டார்கள் என்பதே அவர்களுடைய பெருமைக் கணக்கு. கர்கரேயின் பெயர் அப்படி எழுந்ததல்ல. கோப்பும் தடயமும் விசாரணையுமாக வளர்ந்த பெயர் அது.

அவர் பொறுப்பேற்ற படை எப்படிப்பட்டது?

ஏ.ரி.எஸ். 2004இல் உருவாக்கப்பட்டது. கர்கரே வருவதற்கு முன்னரே அது இரண்டு பெரிய வழக்குகளைக் கையாண்டிருந்தது. 2006 ஜூலை 11ஆம் திகதி மும்பை புறநகர் ரயில்களில் ஏழு குண்டுகள் வெடித்து 189 பேர் பலியானார்கள். அதற்காகப் பதின்மூன்று முஸ்லிம்கள் குற்றஞ்சாட்டப்பட்டு நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 8, வெள்ளிக்கிழமை, பராஅத் தினம். மாலேகானில் ஜும்ஆ முடிந்த நேரத்தில் பள்ளிவாசலையும் மையவாடியையும் ஒட்டிக் குண்டுகள் வெடித்தன. முப்பதுக்கும் மேற்பட்டோர் மௌத்தானார்கள், அநேகமாக எல்லோரும் முஸ்லிம்கள். அதற்காகக் கைதானவர்கள் யார் தெரியுமா? அவர்களும் முஸ்லிம்கள்தான், ஒன்பது பேர்.

பள்ளிவாசல் வாசலில் செத்தவனும் நாங்கள், கொன்றவன் என்று பிடிபட்டவனும் நாங்கள். மாலேகான் மக்கள் இதை நம்பவில்லை. ஆனால் அவர்கள் நம்பாததை யாரும் பொருட்படுத்தவுமில்லை. குண்டு வெடித்தால் சந்தேகம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது முன்கூட்டியே தீர்மானமாகியிருந்த காலம் அது.

இதற்கு மாறான அறிகுறிகள் இல்லாமலும் இல்லை. 2006 ஏப்ரலில் நாந்தேட் நகரில் ஒரு வீட்டுக்குள் குண்டு வெடித்து இருவர் இறந்தார்கள். இந்துத்துவ அமைப்புகளோடு தொடர்புடையவர்கள் குண்டு தயாரித்துக்கொண்டிருந்தபோதே அது வெடித்தது என்பது அப்போதே வெளிவந்த விடயம். ஆனால் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு யாரும் தூரம் போகவில்லை.

2008இல் கர்கரே அந்தத் திசையில் போன முதல் வழக்கு மாலேகான் அல்ல. அவ்வாண்டின் முதற்பாதியில் பன்வேல் திரையரங்கிலும், வாஷி, தானே நகரங்களின் நாடக அரங்குகளிலும் குண்டுகள் வைக்கப்பட்டன. சில படங்களும் நாடகங்களும் இந்து சமய உணர்வைப் புண்படுத்துகின்றன என்பதே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. ஏ.ரி.எஸ். ஆட்களைப் பிடித்து வழக்குத் தொடுத்தது. 2011இல் இருவருக்கு நீதிமன்றம் தண்டனை வழங்கியது.

ஒரு மோட்டார் சைக்கிள்

மாலேகானைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிட்டு மேலே போவோம். நாசிக் மாவட்டத்து ஊர். விசைத்தறிகளின் ஊர். 1857 கிளர்ச்சிக்குப் பின் வட இந்தியாவிலிருந்து வந்து குடியேறிய முஸ்லிம் நெசவாளர்களின் சந்ததியினர் பெரும்பான்மையாக வாழும் நகரம். இரவு பகலாகத் தறிச்சத்தம் கேட்கும் தெருக்கள்.

2008 செப்டம்பர் 29. நோன்பின் கடைசி இரவுகளில் ஒன்று. பெருநாளுக்குச் சாமான் வாங்கும் சனம் வீதியில். இரவு ஒன்பதரை மணியளவில் பிக்கு சௌக் சந்தியில் நிறுத்தி வைத்திருந்த ஒரு மோட்டார் சைக்கிளில் குண்டு வெடித்தது. ஆறு பேர் மௌத்தானார்கள். நூறு பேரளவில் காயமடைந்தார்கள்.

வழக்கமான கதையை எழுதுவதற்கு எல்லாம் தயாராகவே இருந்தது. ஆனால் இந்தத் தடவை விசாரணைக்காரர்கள் மோட்டார் சைக்கிளிலிருந்து தொடங்கினார்கள். அது எல்.எம்.எல். ஃப்ரீடம் ரக வண்டி. இலக்கத் தகடு பொய். எஞ்சின், செஸி இலக்கங்கள் சுரண்டப்பட்டிருந்தன. தடயவியல் கூடத்தில் சுரண்டப்பட்ட இலக்கங்களை மீட்க முயன்றார்கள். கிடைத்த இலக்கங்களோடு பொருந்தக்கூடிய வண்டிகளைத் தேடிப் போனார்கள். அந்தத் தேடல் குஜராத்தில் பதிவான ஒரு வண்டியில் போய் நின்றது. பதிவிலிருந்த பெயர் சாத்வி பிரக்யா சிங் தாக்கூர்.

ஒக்டோபர் பிற்பகுதியில் அவர் கைது செய்யப்பட்டார். நவம்பர் 5ஆம் திகதி, இராணுவ உளவுப் பிரிவில் பணியாற்றிய லெப்டினன்ட் கேர்ணல் பிரசாத் புரோகித் கைதானார். சேவையிலுள்ள ஓர் இந்திய இராணுவ அதிகாரி பயங்கரவாத வழக்கில் கைதானது அதுவே முதல் தடவை. 'அபினவ் பாரத்' என்ற அமைப்பு, இரகசியக் கூட்டங்கள், ஒரு மடிக்கணினியில் கிடைத்த உரையாடல் பதிவுகள் என்று விசாரணை விரிந்தது.

இவையெல்லாம் ஏ.ரி.எஸ். முன்வைத்த குற்றச்சாட்டுகள். அவை நீதிமன்றத்தில் என்னவாயின என்பதைப் பின்னர் பார்ப்போம். இங்கே முக்கியமானது நடைமுறை. எந்த மதத்தவன் செய்திருப்பான் என்ற கேள்வியோடு இந்த விசாரணை தொடங்கவில்லை. இந்த வண்டி யாருடையது என்று கேட்டுத் தொடங்கியது. பொலிஸ் வேலை என்றால் அதுதானே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். அந்தச் சாதாரண வேலையைச் செய்தது பெரிய அதிசயமாகத் தெரிந்தது என்றால், அதற்கு முன் என்ன நடந்துகொண்டிருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

கடைசி ஐந்து வாரங்கள்

பிரக்யா கைதான நாளிலிருந்து கர்கரே இறந்த நாள் வரை இருந்தது சுமார் ஐந்து வாரம்தான். அந்தச் சில வாரங்களில் அவர் மீது பாய்ந்த கணைகளுக்குக் கணக்கில்லை. பாரதிய ஜனதாவும் சிவசேனையும் வெளிப்படையாகத் தாக்கின. இந்துக்களின் துரோகி, காங்கிரஸின் கைப்பொம்மை என்றெல்லாம் சொல்லப்பட்டது. பிரக்யா சிறையில் சித்திரவதை செய்யப்பட்டார் என்ற குற்றச்சாட்டை எல்.கே. அத்வானி எழுப்பி, நீதி விசாரணை கோரினார். சித்திரவதைக் குற்றச்சாட்டைப் பொலிஸ் தரப்பு மறுத்தது.

அந்த நெருக்கடியில் அவர் ஆலோசனை தேடிப் போனவர்களில் ஒருவர் ஜூலியோ ரிபெய்ரோ. மும்பையின் முன்னாள் பொலிஸ் ஆணையாளர், பஞ்சாபில் தீவிரவாதம் கொழுந்துவிட்டெரிந்த காலத்தில் அங்கே பொலிஸ் தலைவராக இருந்தவர். ஒரு கோவா கத்தோலிக்கர். கர்கரே தன்னை வந்து சந்தித்ததையும், அரசியல் தாக்குதல்களால் மனம் நொந்திருந்ததையும் ரிபெய்ரோ பிற்பாடு பல தடவை எழுதியிருக்கிறார். அவரது நேர்மையில் தனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை என்பதே ரிபெய்ரோவின் சாட்சியம்.

அந்த இரவு

நவம்பர் 26 இரவு தாதரிலுள்ள வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் கர்கரேக்குத் தொலைபேசி வந்தது. சாப்பாட்டை விட்டுவிட்டுப் புறப்பட்டார். பாகிஸ்தானிலிருந்து கடல் வழியாக வந்த லஷ்கர்-ஏ-தொய்பா ஆயுததாரிகள் பத்துப் பேர் நகரின் பல இடங்களைத் தாக்கிக்கொண்டிருந்தார்கள். சிவாஜி நிலையத்தில் மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் பலி. கர்கரே போய்ச் சேரும்போது அஜ்மல் கசாபும் அபூ இஸ்மாயிலும் அங்கிருந்து நழுவி, காமா வைத்தியசாலைப் பக்கம் போயிருந்தார்கள்.

வைத்தியசாலையின் பின்புறத்தில் கர்கரேயோடு மேலதிக ஆணையாளர் அசோக் காம்தேயும் சிரேஷ்ட இன்ஸ்பெக்டர் விஜய் சாலஸ்கரும் சேர்ந்துகொண்டார்கள். உள்ளே சதானந்த் தாதே என்ற அதிகாரி காயப்பட்டுக் கிடக்கிறார் என்ற தகவல் வந்தது. மூவரும் நான்கு கான்ஸ்டபிள்களோடு ஒரு குவாலிஸ் வாகனத்தில் ஏறி, வைத்தியசாலையின் முன்பக்கம் போகப் புறப்பட்டார்கள். ரங் பவன் ஒழுங்கையில் மறைந்திருந்த இருவரும் வாகனத்தைச் சல்லடையாக்கினார்கள். ஏழு பேரில் ஆறு பேர் இறந்தார்கள். அந்த ஒழுங்கையின் பெயர் பத்ருத்தீன் தையப்ஜி மார்க். இந்திய தேசிய காங்கிரஸின் முதல் முஸ்லிம் தலைவரின் பெயர்.

உயிர் தப்பியவர் கான்ஸ்டபிள் அருண் ஜாதவ். காயத்தோடு, சடலங்களுக்கு அடியில் அசையாமல் கிடந்தார். கொலையாளிகள் மூன்று அதிகாரிகளின் உடல்களையும் வீதியில் இழுத்துப் போட்டுவிட்டு, ஜாதவ் பின்னால் கிடப்பது தெரியாமலே அதே வாகனத்தை ஓட்டிப் போனார்கள். டயர் வெடித்ததும் வேறொரு காரைப் பறித்துக்கொண்டு ஓடினார்கள். பிறகு ஜாதவ் வயர்லஸ்ஸில் நடந்ததை அறிவித்தார். கிர்காம் சௌபாத்தியில் துக்காராம் ஓம்ப்ளே என்ற உதவி சப்-இன்ஸ்பெக்டர் கசாபின் துப்பாக்கியை வெறுங்கையால் பற்றிக்கொண்டு, குண்டுகளைத் தன் உடம்பில் வாங்கி, அவனை உயிரோடு பிடிபட வைத்தார்.

மூன்று நாள் நீடித்த அந்தத் தாக்குதலில் 166 பேர் பலியானார்கள். முஸ்லிம்களும் அவர்களில் இருந்தார்கள். கொல்லப்பட்ட ஒன்பது ஆயுததாரிகளின் உடல்களை அடக்குவதற்கு மும்பை முஸ்லிம்கள் தமது மையவாடியில் இடம் கொடுக்க மறுத்துவிட்டார்கள். ஓராண்டுக்கும் மேலாக அந்தச் சடலங்கள் பிணவறையில் கிடந்தன. 2010 ஜனவரியில் அரசாங்கமே இரகசியமாகப் புதைத்தது. 'இவர்கள் எங்களில் உள்ளவர்கள் அல்லர்' என்று ஒரு சமூகம் இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்ல முடியும்?

கேள்வி வேறு, வதந்தி வேறு

மாலேகான் வழக்கை நடத்திக்கொண்டிருந்த அதிகாரி, அதன் உச்சகட்டத்தில் கொல்லப்படுகிறார். சந்தேகம் எழாமல் இருக்குமா? அன்றைய மத்திய சிறுபான்மை விவகார அமைச்சர் ஏ.ஆர். அந்துலே அதை வெளிப்படையாகவே கிளப்பினார். மகாராஷ்டிரப் பொலிஸின் ஓய்வுபெற்ற உயரதிகாரி எஸ்.எம். முஷ்ரிஃப் 2009இல் 'கர்கரேயைக் கொன்றது யார்?' என்ற நூலை எழுதினார். நம்மில் பலருடைய பேச்சின் ஊற்று அந்த நூல்தான்.

அங்கியைப் பற்றிய விவகாரம் எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தது. கர்கரே அணிந்திருந்த குண்டு துளைக்காத அங்கி காணாமற் போயிற்று. மனைவி கவிதா கர்கரே தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டபோதுதான் அது இல்லை என்பதே வெளியே தெரிந்தது. வைத்தியசாலைத் துப்புரவுத் தொழிலாளி ஒருவர் குப்பையில் எறிந்துவிட்டார் என்று பின்னர் விளக்கம் வந்தது. காம்தேயின் மனைவி வினிதா காம்தே, கட்டுப்பாட்டு அறையின் பதிவுகளை அதே சட்டத்தின் கீழ் வாங்கி ஆராய்ந்து, உதவி கோரப்பட்டும் ஏன் போய்ச் சேரவில்லை, காயப்பட்டவர்கள் வீதியில் கிடந்தும் ஏன் உடனே தூக்கப்படவில்லை என்று ஒரு நூலில் கேட்டார்.

இந்தக் கேள்விகள் நியாயமானவை. ஆயினும் இவை கவனக்குறைவையும் நிர்வாகத் தோல்வியையும் பற்றிய கேள்விகள். கொலையாளி யார் என்பதற்கோ நேரடிச் சான்று இருக்கிறது. வாகனத்துக்குள் இருந்து பிழைத்தவர் நீதிமன்றத்தில் கசாபை அடையாளம் காட்டினார். விசாரணை நீதிமன்றம், உயர்நீதிமன்றம், உச்சநீதிமன்றம் மூன்றும் சான்றுகளை ஆராய்ந்து கசாபின் குற்றத்தை உறுதிசெய்தன. 2012 நவம்பரில் அவன் தூக்கிலிடப்பட்டான்.

"அப்ப கோட்டு சொல்றதெல்லாம் நம்பணுமா?" எண்டு கேக்கலாம். எல்லாவற்றையும் அல்ல. ஆனால் சான்றைச் சான்றாக எதிர்கொள்ள வேண்டும். கர்கரே தன் வாழ்நாளின் கடைசி மாதங்களில் செய்தது அதைத்தான். முன்முடிவை ஒதுக்கிவிட்டு, தடயம் எங்கே கூட்டிப்போனதோ அங்கே போனார். தனக்குப் பிடிக்காத இடத்துக்கும் போனார். அவரை மதிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, அவரது மரணத்தைப் பற்றி மட்டும் முன்முடிவோடு பேசுவது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது. 'முஸ்லிம்கள்தான் செய்திருப்பார்கள்' என்று சான்றில்லாமல் சொல்வது அநியாயம் என்றால், 'முஸ்லிம்கள் செய்திருக்கவே முடியாது' என்று சான்றுக்கு எதிராகச் சொல்வதும் அதே அநியாயத்தின் மறுபக்கம்தான்.

அவருக்குப் பின் அந்த வழக்கு

2009 ஜனவரியில் ஏ.ரி.எஸ். குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அதே மாதம் கர்கரேக்கு, சமாதான காலத்து வீரத்துக்கான இந்தியாவின் அதியுயர் விருதான அசோக சக்கரம் மரணத்தின் பின் வழங்கப்பட்டது. குஜராத் முதலமைச்சராக இருந்த நரேந்திர மோடி ஒரு கோடி ரூபா உதவி தர முன்வந்தபோது கவிதா கர்கரே அதை ஏற்க மறுத்துவிட்டார்.

2011இல் வழக்கு தேசிய புலனாய்வு முகவரகமான என்.ஐ.ஏ.யின் கைக்கு மாறியது. 2015இல் அரச தரப்பு விசேட சட்டத்தரணி ரோஹிணி சாலியன், ஆட்சி மாறிய பின்னர் குற்றஞ்சாட்டப்பட்டோர் விடயத்தில் மென்மையாக நடக்கும்படி என்.ஐ.ஏ. அதிகாரியொருவர் தன்னிடம் சொன்னதாக வெளிப்படையாகக் கூறினார். 2016இல் என்.ஐ.ஏ. பிரக்யாவுக்கு எதிராகப் போதிய சான்றில்லை என்றது. 'மோக்கா' எனப்படும் திட்டமிட்ட குற்றத் தடுப்புச் சட்டத்தையும் கைவிட்டது. அந்தச் சட்டத்தின் கீழ் எடுத்த ஒப்புதல் வாக்குமூலங்கள் அத்தோடு பெறுமதியற்றுப் போயின. என்றாலும் நீதிமன்றம் பிரக்யா உட்பட ஏழு பேரை விசாரணைக்கு நிறுத்தியது.

பிரக்யாவும் புரோகித்தும் 2017இல் பிணை பெற்றார்கள். தீர்ப்பு வருமுன்னரே ஒன்பது ஆண்டளவில் அவர்கள் சிறையில் கழித்திருந்தார்கள் என்பதையும் நியாயமாகச் சொல்லத்தான் வேண்டும். 2019இல் பிரக்யா போபால் தொகுதியில் பா.ஜ.க. வேட்பாளரானார். தனது சாபத்தால்தான் கர்கரே அழிந்தார் என்ற பொருளில் பேசினார். இந்தியப் பொலிஸ் சேவை அதிகாரிகளின் சங்கம் கண்டித்தது. எதிர்ப்பு வலுக்கவே பேச்சை வாபஸ் வாங்கினார். ஆனால் தேர்தலில் பெரும் வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

பத்து நாள் இடைவெளியில் இரண்டு தீர்ப்புகள்

2025 ஜூலையில் ஏ.ரி.எஸ். நடத்திய இரண்டு விசாரணைகளுக்கும் பத்து நாள் இடைவெளியில் தீர்ப்பு வந்தது.

ஜூலை 21: மும்பை ரயில் குண்டுவெடிப்பு வழக்கு. 2015இல் விசாரணை நீதிமன்றம் பன்னிரண்டு பேரைக் குற்றவாளிகள் என்று கண்டு, ஐவருக்கு மரண தண்டனையும் எழுவருக்கு ஆயுள் தண்டனையும் வழங்கியிருந்தது. பதின்மூன்றாமவரான அப்துல் வாஹித் ஷேக் என்ற ஆசிரியர் ஒன்பது ஆண்டு சிறைக்குப் பின் அப்போதே விடுதலையானார். சிறையிலிருந்தபடி அவர் உருதுவில் எழுதிய 'பேகுனாஹ் கைதி' (நிரபராதிக் கைதி) ஒரு முக்கியமான சிறை இலக்கியம். இப்போது பம்பாய் உயர்நீதிமன்றம் மற்றப் பன்னிரண்டு பேரையும் விடுதலை செய்தது. வாக்குமூலங்கள் நம்பத்தக்கவையல்ல என்றும், அரச தரப்பு குற்றத்தை நிரூபிக்க முற்றாகத் தவறிவிட்டது என்றும் சொன்னது. பன்னிருவரில் ஒருவர் 2021இலேயே சிறையில் மௌத்தாகிவிட்டார். பத்தொன்பது வருடம்! மாநில அரசு உடனே உச்சநீதிமன்றம் போனது. விடுதலையானவர்களைத் திரும்பச் சிறைக்கு அனுப்ப அந்த நீதிமன்றம் உத்தரவிடவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பை வேறு வழக்குகளில் முன்னுதாரணமாகக் கொள்ளக்கூடாது என்றது.

ஜூலை 31: மாலேகான் 2008 வழக்கு. விசேட நீதிமன்றம் ஏழு பேரையும் விடுதலை செய்தது. 323 அரச தரப்புச் சாட்சிகள் விசாரிக்கப்பட்டிருந்தார்கள். அவர்களில் முப்பதுக்கும் மேற்பட்டோர் பிறழ்ந்துவிட்டார்கள். வண்டியின் செஸி இலக்கம் முழுமையாக மீட்கப்படவில்லை, அது பிரக்யாவின் வண்டிதான் என்பது நிரூபணமாகவில்லை, வழக்குத் தொடுப்பதற்கான அனுமதிகளில் குறையிருந்தது என்றெல்லாம் நீதிமன்றம் கண்டது. சந்தேகம் எவ்வளவு வலுவானாலும் அது சான்றாகாது என்றது. ஏ.ரி.எஸ். விசாரணையின் குறைகளையும் சுட்டியது. மௌத்தானவர்களின் குடும்பங்களுக்குத் தலா இரண்டு இலட்சம் ரூபா நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. அந்தக் குடும்பங்களில் சில உயர்நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்தன.

ஜூலை 21 தீர்ப்பைக் கேட்டு நாம் 'அல்ஹம்துலில்லாஹ்' என்றோம். ஜூலை 31 தீர்ப்பைக் கேட்டு மனம் கொதித்தோம். இரண்டுமே இயல்பான உணர்வுகள்தான். ஆனால் 'சான்று போதாது' என்ற அளவுகோல் இரண்டுக்கும் ஒன்றே. முதலாவதில் அதை நீதியென்று ஏற்றுக்கொண்டால், இரண்டாவதில் அளவுகோலைக் குறைசொல்ல முடியாது. கேட்கக்கூடிய கேள்வி வேறு: சான்று ஏன் போதாமற் போயிற்று? எடுத்த இடத்திலேயே பலவீனமாக இருந்ததா? பதினேழு வருட இழுபறியில் சிதைந்ததா? சாட்சிகள் ஏன் மாறினார்கள்? இரண்டு வழக்கிலும் உண்மைக் குற்றவாளி யார் என்பது நிரூபணமாகவேயில்லை. ரயிலில் செத்த 189 பேருக்கும் நீதி இல்லை. பிக்கு சௌக்கில் செத்த ஆறு பேருக்கும் நீதி இல்லை.

2006 மாலேகான் வழக்கில் பிடிபட்ட அந்த ஒன்பது பேர்? 2011இல் பிணை. 2016இல் நீதிமன்றம் அவர்களைக் குற்றச்சாட்டிலிருந்து முற்றாக விடுவித்தது. ஒருவர் அதற்கு முன்னரே மௌத்தாகிவிட்டார். கர்கரே இருந்த காலத்திலும் அவர்கள் சிறையில்தான் இருந்தார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. ஒரு நேர்மையான அதிகாரியால் எல்லாவற்றையும் திருத்திவிட முடியாது. அவர் போனதும், அவர் தொடங்கியதைத் தாங்கிப் பிடிக்கும் நிறுவனம் இல்லையென்றால், அதுவும் அவரோடு போய்விடும்.

நமக்கு இதில் என்ன?

2019 ஏப்ரல் 21க்குப் பின் இந்த நாட்டில் நாம் பட்டதை விவரிக்கத் தேவையில்லை. சஹ்ரானைப் பற்றிக் காத்தான்குடி மக்கள் முன்பே முறையிட்டிருந்தார்கள். இந்தியாவிலிருந்து எச்சரிக்கையும் வந்திருந்தது. கேட்க வேண்டிய நேரத்தில் கேட்கவில்லை. பிறகு, சம்பந்தமில்லாத நூற்றுக்கணக்கானோர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழும் வேறு சட்டங்களின் கீழும் கைதானார்கள். தீவிரவாதத்துக்கு எதிரான கவிதைகளும் அடங்கிய 'நவரசம்' என்ற தொகுதிக்காகவே இளம் கவிஞர் அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் கைதாகி, 2021 டிசம்பர் வரை அடைபட்டுக் கிடந்தார். 2023இல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. புத்தகத்தை வாசிக்காமல் புத்தகத்துக்காகக் கைது! வண்டி இலக்கத்தைத் தேடிப்போன அதிகாரியின் அருமை இந்த இடத்தில்தான் விளங்குகிறது.

ஆகவே கர்கரேயை 'முஸ்லிம்களுக்காக உயிர்கொடுத்தவர்' என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அவர் முஸ்லிம்களுக்காக வேலை செய்யவில்லை. இந்துக்களுக்கு எதிராகவும் செய்யவில்லை. மாலேகானில் குண்டு வைத்தவர்களைத் தேடினார், மும்பையில் குண்டு மழை பொழிந்தவர்களைத் தேடிப் போகையில் இறந்தார். இரண்டுமே அவருக்கு ஒரே கடமை. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்ய வேண்டாம் என்று குர்ஆன் நமக்குக் கட்டளையிடுகிறது. அந்தக் கட்டளையை ஓதாத ஒருவர், தன் தொழிலில் அதன்படி நடந்தார்.

கவிதா கர்கரே 2014இல் மூளை இரத்தப்பெருக்கால் காலமானார். பிள்ளைகள் அவரது சிறுநீரகங்களையும் ஈரலையும் கண்களையும் தானம் செய்தார்கள். அவர் காலமான திகதி செப்டம்பர் 29. பிக்கு சௌக்கில் குண்டு வெடித்து அன்றோடு சரியாக ஆறு வருடம். மகள் ஜுய் 2019இல் தந்தையைப் பற்றி ஒரு நினைவு நூல் எழுதினார். அதற்குப் பின்னர்தான் அந்த வழக்கின் தீர்ப்பு வந்தது.

"கர்கரேயைக் கொன்றது யார்?" என்று இனி யாராவது கேட்டால், சான்று சொல்வதைச் சொல்லுங்கள். அதோடு நிறுத்தாமல் இன்னொன்றையும் திருப்பிக் கேளுங்கள்: பிக்கு சௌக்கில் அந்த மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தியது யார்? கர்கரே தன் கடைசி மாதங்களைச் செலவிட்டது அந்தக் கேள்விக்காகத்தான். பதினேழு வருடம் கழித்தும் அதற்குப் பதில் இல்லை.